எல்லாருக்கும் ஒரே புள்ளி

உலகத்தில் புள்ளி வைக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் வானத்தில் நட்சத்திரங்களை வைத்தவர். அவரும் வரிசை பார்க்காமல் வாரி இறைத்துவிட்டுப் போய்விட்டார். இன்னொருவர் என் அக்கா ஜோஸ்னா. அவள் வைத்தால் ஓரம் பிடித்து வைப்பாள். ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் நடுவே ஒரு நூல் கூடாது, ஒரு நூல் குறையாது. பாறசாலை தொடங்கி அமெரிக்கா வரைக்கும் கம்ப்யூட்டர் பக்கத்தில் பெயர்களுக்கு முன்னால் கறுப்புப் புள்ளி வைப்பதில் அவளை ஜெயிக்க ஆள் கிடையாது. அமெரிக்காக்காரனுக்கு இது இன்னும் தெரியாது. தெரிந்திருந்தால் பூவாரில் ஆறு கடலில் சேரும் பொழிமுகத்துக்குக் கப்பல் அனுப்பியிருப்பான்.

இதை நான் சொல்லவில்லை. ஊர் சொல்கிறது. ஊர் சொன்னதை எழுதும்போதே எனக்கு வயிறு எரிகிறது.

அக்காவுக்கு இருபத்திரண்டு வயது, எனக்குப் பதினேழு. எனக்கு முன்னால் கிடைத்த அந்த ஐந்து வருடத்தில் அவள் படிக்க வேண்டியதையெல்லாம் படித்து முடித்துவிட்டாள்; எனக்கென்று ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. அவள் பி.எஸ்சி. கணக்கில் முதல் வகுப்பு. நான் எஸ்.எஸ்.எல்.சி.யில் இரண்டு தடவை தோற்று, மூன்றாவது தடவை பரீட்சை ஹாலின் வாசல் வரைக்கும் போய், மணி அடித்ததும் திரும்பி வந்தவன். ஜினு என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. ஞானஸ்நானம் கொடுத்த போதகரைத் தவிர யாரும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை. கடையில் பால் வாங்கப் போனாலும், "இது ஜோஸ்னாவுக்க தம்பியாக்கும்" என்பார்கள். வீட்டில் மீன் வைத்தால் நடுத்துண்டு அவளுக்கு, வால் எனக்கு. ஏன் என்று ஒரு நாள் அம்மாவிடம் கேட்டேன்.

"அவ மூளைய வச்சு வேல செய்யுதா மக்கா. நீ எத வச்சு செய்யுத?" என்றாள் அம்மா.

நான் எதை வைத்துச் செய்கிறேன் என்பது அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். எங்கள் சபையில் அன்றைக்குப் பாட வேண்டிய பாட்டுகளின் நம்பரை ஒரு மரப்பலகையில் மாட்டுவார்கள். போன வருடம் ஒரு கல்யாண ஆராதனைக்கு, அடக்க ஆராதனைப் பாட்டின் நம்பரை அதில் மாட்டினேன். மணவாளனும் மணவாட்டியும் எழுந்து நிற்க, பாடகர் குழு முதல் அடியைப் பாடிவிட்டது. மணவாட்டியின் ஆத்தா மட்டும் பழக்கத்தில் அழத் தொடங்கினாள். இந்த மாதிரி வேலைக்கும் மூளை வேண்டும். ஆனால் நடுத்துண்டு கிடைக்காது.

அக்காவுக்குப் புள்ளிப் பைத்தியம் டைப்ரைட்டிங் படிக்கும்போதே பிடித்துவிட்டது. டைப்ரைட்டரில் கறுப்புப் புள்ளிக்கென்று ஒரு கட்டை கிடையாது. மற்றவர்கள் ஒரு சிறு கோடு அடித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். அவள் இங்கிலீஷ் சின்ன 'ஓ'வை அடித்து, தாளைக் கழற்றி, பேனா முனையால் அதன் வயிற்றை நிரப்புவாள். சபையின் பெண்கள் ஐக்கிய அறிக்கை, வாலிபர் முகாமுக்குக் கொண்டு வரவேண்டிய சாமான்களின் பட்டியல், எல்லாவற்றுக்கும் இப்படித்தான். ஒரு தாளில் நாற்பது புள்ளி இருந்தால் நாற்பதையும் நிரப்புவாள். பக்கத்தில் இருந்து பார்த்தால் பச்சைப் பிள்ளைக்கு மருந்து புகட்டுகிறது போல இருக்கும். நான் ஒரு தடவை அவளுடைய பேனாவில் பச்சை மையை நிரப்பி வைத்தேன். அவள் நாற்பது புள்ளியையும் பச்சையாக நிரப்பி, "கொள்ளாம், இதும் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி அப்படியே கொடுத்துவிட்டாள். பெண்கள் ஐக்கியத்தில் எல்லாருக்கும் பச்சை பிடித்துப்போய், அந்த வருடம் முழுக்கப் பச்சைப் புள்ளி. அவளோடு விளையாடுவதில் இதுதான் கஷ்டம்.

டிகிரி முடித்ததும் பாறசாலை ஜங்ஷனில் சோமண்ணன் வைத்திருக்கும் கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் சொல்லிக் கொடுக்கச் சேர்ந்தாள். சாயங்காலம் அவளைக் கூட்டிக்கொண்டு வருவது என் வேலை என்று அம்மா முடிவு செய்தாள். நான்கு மணிக்கே போய்விடுவேன். செருப்பை வெளியே விட்டுவிட்டு, திரைச்சீலையை விலக்கி, ஏசி அறைக்குள் ஒரு ஸ்டூலில் உட்காருவேன். எனக்குக் கம்ப்யூட்டரில் ஆசை ஒன்றும் இல்லை. வெளியே வெயில், உள்ளே குளிர், அவ்வளவுதான். ஸ்டூல் அவளுடைய நாற்காலிக்குப் பின்னால் கிடந்தது. கண்ணை மூடிக்கொண்டு உட்கார முடியாதல்லவா, பார்த்தேன்.

இணையத்தில் பக்கம் செய்வது எப்படி என்று அவள் ஒரு புத்தகத்தை வைத்துத் தானாகவே படித்துக்கொண்டிருந்தாள். இது பட்டியல் என்று சொல்லிக் கொடுத்துவிட்டால், கம்ப்யூட்டரே ஒவ்வொரு வரிக்கும் முன்னால் புள்ளி வைத்துக்கொள்ளும். அது தெரிந்த அன்றைக்கு அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். முகத்தைச் சுளித்தாள். "எனக்கு வேண்டிய புள்ளி இது இல்லியே" என்றாள். பிறகு இரண்டு வாரம் தேடி, அதற்கும் வழி கண்டுபிடித்தாள். ஸ்டைல் ஃபைல் என்று தனியாக ஒன்று உண்டு. பக்கத்தில் பெயர்கள் மட்டும் இருக்கும். அந்தப் பெயர்கள் எப்படித் தெரிய வேண்டும் என்பது முழுக்க இந்த ஃபைலில் இருக்கும். புள்ளி நிறைந்ததா, வெறும் வட்டமா, சதுரமா, அல்லது நாமே வரைந்த சின்னப் படமா, ஓரத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும், நீளமான பெயர் இரண்டாவது வரிக்கு மடங்கினால் புள்ளியின் அடியில் போய் ஒண்டாமல் முதல் எழுத்துக்கு நேராக நிற்க வேண்டும் என்பது வரைக்கும். இதில் ஒரே ஒரு வரியை மாற்றினால், நூறு பக்கம் இருந்தாலும் நூறிலும் புள்ளி மாறிவிடும்.

"பாத்தியாலே?" என்று அவள் திரும்பாமலே கேட்டாள்.

"என்னத்த?"

"நாப்பது புள்ளியையும் ஒவ்வொண்ணா நெறைக்காண்டாம். ஒரு வரி போதும்."

அவளுடைய குரலில் இருந்த சந்தோஷம் எனக்குப் பிடிக்கவில்லை. யாருக்கு வேண்டும் புள்ளி? நான் கொட்டாவி விட்டேன். ஆனால் வீட்டுக்குப் போகும் வழியில், சைக்கிளை மிதித்துக்கொண்டே அந்த வரியை மனசுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். லிஸ்ட் ஸ்டைல் டைப், டிஸ்க். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் ஒரு வரியும் இப்படி என் தலையில் ஒட்டியதில்லை.

எங்கள் குடும்பத்துக்குப் பனவிளைக் குடும்பம் என்று பெயர். எல்லாக் கிளையும் வருடத்துக்கு ஒரு முறை, மே மாதம் இரண்டாம் சனிக்கிழமை, சபையின் ஹாலில் கூடும். குடும்ப யோகம் என்பார்கள். ஜெபம், பேச்சு, சண்டை, சாப்பாடு, மறுபடியும் சண்டை. இந்த வருடம், தொண்ணூற்றொன்பதில், மஸ்கட்டில் இருக்கும் சுந்தரதாஸ் சித்தப்பா ஒரு கடிதம் போட்டிருந்தார். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் பார்க்க வசதியாக, குடும்பத்தின் முழு வரிசையையும் இணையத்தில் போட வேண்டும், ஜோஸ்னா செய்யட்டும் என்று எழுதியிருந்தார். கடிதத்தில் என்னைப் பற்றி ஒரு வரி இருந்தது. ஜினு எஸ்.எஸ்.எல்.சி. எழுதினானா என்று.

அக்காவுக்கு அது சரியான நேரம். திருவனந்தபுரத்தில் ஒரு கம்பெனி அவளை இண்டர்வியூவுக்கு வரச் சொல்லியிருந்தது. யோகம் சனிக்கிழமை, இண்டர்வியூ அதற்கு அடுத்த திங்கள். சர்ட்டிபிகேட் மட்டும் போதாது, நீங்களே செய்து இணையத்தில் போட்டிருக்கும் ஒரு பக்கத்தைக் காட்ட வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அவளிடம் காட்டுவதற்கு இது ஒன்றுதான் உண்டு. சனிக்கிழமை யோகம் சரி என்று சொன்னால், ஞாயிறு சோமண்ணன் போன் லைன் வழியாக ஏற்றிக் கொடுப்பார். யோகம் வேண்டாம் என்றால் திங்கட்கிழமை அவள் போய்ப் பிரயோஜனம் இல்லை.

இரண்டு மாதம் வீட்டில் வேறு பேச்சு கிடையாது. பெரிய தாத்தா செல்லையன் உச்சியில், புள்ளியில்லாத தலைப்பாக. அவருக்கு நான்கு ஆண்பிள்ளைகள். அவர்களுக்குள்ளே அவர்களுடைய பிள்ளைகள், அதற்கும் உள்ளே நாங்கள். பட்டியலுக்குள் பட்டியல், அதற்குள் இன்னொரு பட்டியல். மொத்தம் பதினொரு பக்கம். ஒவ்வொரு கிளையும் ஒரே அளவு உள்ளே தள்ளி, படிக்கட்டு போல இறங்கியது. புள்ளியை மட்டும் அவள் பத்துத் தடவை மாற்றினாள். சதுரம் வைத்தாள், எடுத்தாள். பனங்காய் மாதிரி ஒரு படம் வரைந்து வைத்தாள், ஒரு கம்ப்யூட்டரில் தெரிந்தது, இன்னொன்றில் தெரியவில்லை, எடுத்துவிட்டாள். கடைசியில் எல்லாருக்கும் ஒரே கறுப்புப் புள்ளி.

"ஒரு குடும்பம், ஒரு புள்ளி. போதும்" என்றாள்.

அம்மா அன்றைக்கு அவளுக்கு நெத்திலி வறுத்துக் கொடுத்தாள். நெத்திலியில் நடுத்துண்டு கிடையாது என்று நினைத்தேன். தட்டையே அவள் பக்கம் நகர்த்திவிட்டாள்.

இனி நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம். ஆறரைக்குக் கரண்ட் போகும், அதற்குள் பதினொரு பக்கத்தையும் பிரிண்ட் எடுத்துவிட வேண்டும். யோகத்தில் சுவரில் ஒட்டிக் காட்ட வேண்டும். அக்கா தாள் வாங்க எதிர்க்கடைக்குப் போனாள். அவள் போகும்போது சோமண்ணன் ஒரு மாணவனிடம் சொல்லிக்கொண்டிருந்தார், "இவ திருவனந்தபுரம் போயாச்சுன்னா இந்த நாற்காலியும் ஸ்டூலும் காலியாவும்." அந்த மாணவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். ஸ்டைல் ஃபைல் திறந்து கிடந்தது. எல்லாருக்கும் ஒரே புள்ளி என்று சொல்லும் அந்த வரியை அழித்தேன். சேவ் செய்தேன். ஸ்டூலில் வந்து உட்கார்ந்தேன். மூன்று நொடிகூட ஆகியிருக்காது.

வரி போய்விட்டால் கம்ப்யூட்டர் தன் இஷ்டத்துக்குப் புள்ளி வைக்கும் என்று எனக்குத் தெரியும். செல்லையனின் நான்கு பிள்ளைகளுக்கு நிறைந்த புள்ளி, அதற்குள்ளே இருப்பவர்களுக்கு வெறும் வட்டம், அதற்கும் உள்ளே சதுரம். பொருந்தாத சட்டை போட்டது மாதிரி இருக்கும், யாராவது ஒருவர் "இது என்ன பிள்ளே, ஒரே வரிசையா இல்லியே" என்று கேட்பார், அவள் முகம் ஒரு நிமிடம் வாடும். எனக்கு வேண்டியது அந்த ஒரு நிமிடம்தான். அவள் தாளோடு ஓடி வந்தாள், சோமண்ணன் பிரிண்ட் கொடுத்தார், கடைசித் தாள் வெளியே வரவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது. அவள் பார்க்கவில்லை. சூடு ஆறாமல் சுருட்டி நான்தான் தூக்கிக்கொண்டு வந்தேன்.

சனிக்கிழமை காலையில் ஹாலின் சுவரில் பசை தடவி ஒட்டியதும் நான்தான். பந்தி எங்கள் வீட்டின் முறை என்பதால் அக்கா அடுப்பங்கரையில் இருந்தாள். முதலில் வந்து பார்த்தது வேதமணிப் பெரியப்பா. அப்பாவின் ஒன்றுவிட்ட அண்ணன், யோகத்தின் செக்ரட்டரி, நெய்யாற்றின்கரைக் கோர்ட்டில் முப்பது வருடம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். எழுதிய எதையும் விரல் வைத்துத்தான் வாசிப்பார். முதல் தாளில் விரல் வைத்தார். விரல் நின்றது.

"எலே, இத ஒட்டினது ஆரு?"

"நானாக்கும் பெரியப்பா."

"இந்த வட்டம் என்ன வட்டம்?"

"அது புள்ளியாக்கும்."

"புள்ளிக்கு உள்ளுக்க ஒண்ணையும் காணல்லியே."

அவர் இரண்டாவது தாளுக்குப் போனார், மூன்றாவதுக்குப் போனார். ஒரு பெயரில் வந்து விரல் மறுபடியும் நின்றது. அங்கேயே நெடுநேரம் இருந்தது. அவருடைய அக்கா சத்தியபாயின் பெயர். இறந்து எட்டு வருடம் ஆகிறது.

"ஜோஸ்னாவ விளி" என்றார்.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அதற்குள் பத்து இருபது பேர் கூடிவிட்டார்கள். அவள் சுவரைப் பார்த்தாள். அவள் முகம் வாடவில்லை. வெளுத்தது.

"மக்களே, நீ படிச்சவ. நீ சொல்லு" என்றார் பெரியப்பா. குரலைக் கூட்டவே இல்லை. "செத்துப்போன நாலு பேருக்கு முழுப் புள்ளி. எங்களுக்கு வட்டம். எங்க பிள்ளையளுக்குப் பெட்டி. இது ஆரு குடுத்த தீர்ப்பு?"

"பெரியப்பா, அது..."

"நிக்கட்டு, நான் சொல்லித் தீரட்டு. நம்ம சபையில பழைய ரெஜிஸ்டர் ஒண்ணு உண்டும். திருவிருந்துக்கு வரப்பிடாதுன்னு நிறுத்தி வச்ச ஆளுவளுக்க பேருக்கு முன்ன செவப்பு மையில ஒரு வட்டம் போடுவாவ. எனக்க அக்கா வேற மதத்துக்காரன ரெஜிஸ்டர் கல்யாணம் செய்தா. மறு ஞாயித்துக்கிழம அவ பேருக்கு வட்டம் விழுந்துது. மன்னிப்பு எழுதிக் குடுத்தா மாத்துவோம்னாவ. அவ குடுக்கல்ல. சாவுற வரைக்கும் அந்த வட்டம் மாறல்ல. இப்ப நீ அத கம்ப்யூட்டர்ல ஏத்துத. மஸ்கட்டுல இருந்தும் பாப்பாவன்னு சொல்லுத."

கூட்டத்தில் பெரியவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். எங்களை விட வயதான எல்லாருக்கும் அந்த ரெஜிஸ்டர் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியாது. நான் பிறக்கும் முன்பே அதை எடுத்து அலமாரியில் பூட்டிவிட்டார்கள்.

நான் அப்போதே சொல்லியிருக்கலாம். பசை வாளியை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போய் நின்றேன்.

"தப்பு எனக்குள்ளதாக்கும் பெரியப்பா" என்றாள் அக்கா. "எல்லாருக்கும் ஒரே புள்ளி வரணும்னு ஒரு வரி எழுதியிருந்தேன். பலதும் மாத்தி மாத்திப் பாத்ததுல நானே அத எடுத்துட்டேன்போல. ஓர்மை இல்ல. ஒரு மணிக்கூறு தந்தா சரியாக்கிக் கொண்டுவாறேன்."

"பந்தி ஆரு விளம்புவா? உங்க வீட்டு முறையாக்கும்." பெரியப்பா கண்ணாடியைக் கழற்றினார். "சாப்பாடு கழிஞ்சு யோகம் கூடும். இது வேணுமா வேண்டாமான்னு அப்ப தீர்மானிப்போம். எனக்கு வேண்டாம்னாக்கும் தோணுது."

அக்கா அடுப்பங்கரைக்குப் போனாள். நான் பின்னால் போய் எட்டிப் பார்த்தேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் இலை எண்ணிக்கொண்டிருந்தாள். ஐம்பது வரைக்கும் எண்ணினாள், விட்டாள், மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணினாள். கணக்கில் முதல் வகுப்பு வாங்கியவள்.

அவளுடைய பை ஜன்னல் திட்டில் இருந்தது. சென்டரின் சாவி ஒன்று எப்போதும் அதில் கிடக்கும், காலையில் திறப்பது அவள்தான். எடுத்துக்கொண்டு சைக்கிளை மிதித்தேன். மே மாதத்து வெயில். ரோட்டுத் தார் டயரில் ஒட்டியது. சென்டர் பூட்டிக் கிடந்தது. சோமண்ணன் சாப்பிடப் போயிருப்பார். திறந்தேன். செருப்பை வெளியே விட்டேன். யாரும் இல்லாத அறைக்கு எதற்குச் செருப்பைக் கழற்ற வேண்டும் என்று அப்புறம்தான் தோன்றியது.

அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. ஃபைலைத் திறந்து, எடுத்த இடத்திலேயே அந்த வரியை அடித்தேன். ஒற்றை விரலால். ஒவ்வொரு எழுத்தாகத் தேடி. சேவ் செய்து பக்கத்தைப் பார்த்தால் வட்டம் வட்டமாகவே இருந்தது. என்ன தப்பு, எது விட்டுப்போயிற்று? பிறகு, பக்கத்தை மறுபடியும் ஏற்றச் சொல்லி அவள் ஒரு பொத்தானை அழுத்துவது நினைவுக்கு வந்தது. அழுத்தினேன். ஒரே நொடியில் அத்தனை வட்டமும் நிறைந்தது. பனவிளைக் குடும்பம் முழுக்க, செத்தவரும் இருப்பவரும் சேர்த்து, ஒரே வரிசையில் கறுப்பாக நின்றார்கள். எவ்வளவு அழகாக இருந்தது என்று எழுத மாட்டேன். அது அவளுடைய வேலை.

பிரிண்டர் பதினொரு தாளையும் பெற்றுப் போடுவதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது. ஹாலுக்கு வந்தபோது இரண்டாம் பந்தியும் முடிந்து, பெரியவர்கள் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். பழைய தாள்களின் மேலேயே புதியதை ஒட்டினேன். அக்கா பாயச வாளியோடு ஓடி வந்தாள்.

"எலே, இது எப்பிடி?"

"சோமண்ணன் போட்டுத் தந்தாரு" என்றேன். நான் போட்டேன் என்றால் அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

பெரியப்பா வந்தார். முதல் தாளிலிருந்து பதினோராவது தாள் வரைக்கும் விரல் வைத்து இறங்கினார். பிறகு திரும்பி மூன்றாவது தாளுக்கு வந்தார். சத்தியபாயின் பெயருக்கு முன்னால் இருந்த புள்ளியின் மேல் விரல் நுனியை வைத்து, மை ஒட்டுகிறதா என்று பார்ப்பது போல லேசாகத் தேய்த்தார். விரலைத் திருப்பிப் பார்த்தார்.

"அழியாதுல்லியா?" என்று கேட்டார்.

"அழியாது பெரியப்பா" என்றாள் அக்கா.

"அவளும் நாங்களும் ஒரே மாதிரியாக்கும் தெரியுது."

"எல்லாருக்கும் ஒண்ணுதான்."

அவர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தார். "அப்ப யோகம் இத பாஸாக்கியிருக்கு. ஆருக்காவது எதிர்ப்பு உண்டுமா? உண்டும்னா இப்ப சொல்லணும், பொறவு வழியில நின்னு பேசப்பிடாது."

யாருக்கும் எதிர்ப்பு இல்லை. பிறகு கேட்க வேண்டுமா? காஞ்சிரங்குளத்திலிருந்து வந்திருந்த அத்தை அக்காவின் தாடையைப் பிடித்து முத்தம் கொடுத்தாள். யாரோ அவளுக்குச் சால்வை போட வேண்டும் என்றார்கள். சால்வை இல்லாததால் மேஜை விரிப்பை எடுத்துப் போட்டார்கள். நான் கேட்கும்படியே ஒருவர் இன்னொருவரிடம், "ஒரு மணிக்கூறுல ஆளு அனுப்பி சரியாக்கிட்டா, பந்தியும் விளம்பிட்டா, புத்தியப் பாருங்க" என்றார். அனுப்பப்பட்ட ஆள் பசை வாளியைக் கழுவிக்கொண்டிருந்தான். பதினொரு தாளில் இருக்கும் அத்தனை புள்ளியும் என் விரலால் வந்தது. அதைச் சொல்லிக்கொள்ள முடியாத இடத்தில் என்னை நானே கொண்டுபோய் நிறுத்தியிருந்தேன். வாழ்க்கையில் அவளைப் பார்த்து எத்தனையோ தடவை எரிந்திருக்கிறேன். அன்றைக்கு எரிந்தது போல என்றைக்கும் இல்லை.

சாயங்காலம் நான்கரைக்கு அவளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு சென்டருக்குப் போனேன். நாளைக்கு ஏற்ற வேண்டியதை எல்லாம் ஃப்ளாப்பியில் எடுத்து வைக்க வேண்டும் என்றாள். சாவியை அதற்கு முன்னாலேயே பைக்குள் திருப்பிப் போட்டிருந்தேன். சோமண்ணன் இல்லை. செருப்பை விட்டோம். அவள் நாற்காலியில், நான் ஸ்டூலில். அவள்மேல் இன்னும் பாயச மணம் இருந்தது.

ஸ்டைல் ஃபைலைத் திறந்து அவள் வரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"சோமண்ணன் நல்ல மனுசன் இல்லியா?" என்றாள், திரும்பாமல்.

"ம்."

"ரெண்டாம் பந்தியில உக்காந்து, எனக்க கையால ரெண்டு தடவ பாயசமும் வாங்கிக் குடிச்சு, அந்த நேரத்துல இஞ்ச வந்து பிரிண்டும் எடுத்திருக்காரு."

அவரை யோகத்துக்கு அழைத்திருந்தது எனக்குத் தெரியாது.

"சாப்பிட வாறதுக்கு முன்ன எடுத்திருப்பாரு" என்றேன்.

"அப்பிடித்தான் இருக்கும்." அவள் மவுஸை உருட்டினாள். திரையில் வரிகள் மேலே போயின, கீழே வந்தன. "எப்பிடியோ, எனக்க வேலை பொழச்சுது. திங்கக்கிழம அந்தக் கம்பெனிக்காரங்க கேட்டா சொல்லணும், பாறசாலையில ஒரு ஆளு எனக்கு ஒத்தாசை செய்தாருன்னு."

என் காது சூடாயிற்று. நல்லவேளை, அவள் முதுகு என் பக்கம்.

"ஆனா மனுசனுக்குக் கண்ணு தெரியல்லபோல" என்றாள். "அந்த வரி முந்தி ஆறாவதாக்கும் இருந்துது. கொண்டு வேற எடத்துல வச்சிருக்காரு. இப்பிடியா வைக்கது? புள்ளி வந்தா போதும்னு வாரிப் போட்டிருக்காரு. வெவரம் இல்லாத்தவங்க செய்தா இதுதான் கொழப்பம்."

வெயிலில் அவ்வளவு தூரம் மிதித்து, எழுத்து எழுத்தாகத் தேடி, ஒரு இடைவெளிகூடப் பிசகாமல் வைத்த வரி.

"ஏழாவதுதான் இருந்துது" என்றேன். "அங்கதான் வச்சும் இருக்கு."

நாற்காலி மெதுவாக என் பக்கம் திரும்பியது.